கிராமத்துக் கவுண்டி ஷெரிஃப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டிகளில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு) ஷெரிஃப் ஆவது எப்படி, ஆன பிறகு என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பலர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் பெரும்பாலும் டெக்சஸை வைத்தே சொல்கிறேன், வேறு மாநிலம் வந்தால் பெயரைச் சொல்லிவிடுகிறேன். தொப்பி, குதிரை, துப்பாக்கிச் சண்டை என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இந்த வேலையில் பாதி ஜெயில் நடத்துவது. மீதியில் பாதி காகிதம்.

ஷெரிஃப் என்றால் போலீஸ்காரர்தானே? எதற்குத் தனிப் பெயர்?

போலீஸ்காரர்தான். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் அவரை யாரும் நியமிப்பதில்லை. நம்மூர் எஸ்.பி. தேர்வெழுதி வருகிறவர், அரசு மாற்றினால் பெட்டியைக் கட்ட வேண்டியவர். ஷெரிஃபோ அந்தக் கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர். அவரை வேறு ஊருக்கு மாற்ற யாராலும் முடியாது.

நகரத்துக்குள் நகரப் போலீஸ் உண்டு, அதன் தலைவரை நகராட்சி நியமிக்கும். நெடுஞ்சாலையில் மாநிலப் போலீஸ் உண்டு. இந்த இரண்டுக்கும் வெளியே கிடக்கும் பண்ணைகள், மண் ரோடுகள், தனி வீடுகள், போலீஸ் வைத்துக்கொள்ள வசதியில்லாத சின்ன ஊர்கள் எல்லாம் ஷெரிஃப் பொறுப்பு. நகரத்துக்குள்ளும் அவருக்கு அதிகாரம் உண்டு. நகரப் போலீஸ் இருப்பதால் வழக்கமாகத் தலையிட மாட்டார், அவ்வளவுதான்.

நாடு முழுக்க ஏறக்குறைய 3,000 ஷெரிஃப்கள் இருக்கிறார்கள். டெக்சஸில் மட்டும் 254 கவுண்டிகள், கவுண்டிக்கு ஒருவர். அலாஸ்காவில் கவுண்டியே கிடையாது, எனவே ஷெரிஃபும் கிடையாது. கனெக்டிகட் 2000ஆம் ஆண்டில் இந்தப் பதவியை ஒழித்துவிட்டது. ரோட் ஐலண்டிலும் ஹவாயிலும் தேர்தல் இல்லை, நியமனம்தான்.

சென்னையிலும் ஷெரிஃப் என்று ஒருவர் இருந்தாரே?

இருந்தார். ஆங்கிலேயர் காலத்தில் பம்பாய், கல்கத்தாவைப் போலச் சென்னைக்கும் வந்த பதவி அது. கடைசிக் காலத்தில் வெறும் கௌரவப் பதவியாகி, 1998இல் எடுக்கப்பட்டது. வரவேற்பு விழாக்களில் மாலை போட்ட அந்த ஷெரிஃபுக்கும், நள்ளிரவில் மாடு ரோட்டுக்கு வந்துவிட்டது என்று போன் வாங்குகிற டெக்சஸ் ஷெரிஃபுக்கும் மூலம் ஒன்று: இங்கிலாந்தில் மன்னரின் ஆளாக இருந்து வரி வசூலித்து, ஜெயிலைப் பார்த்துக்கொண்ட அதிகாரி. 1215இல் எழுதப்பட்ட மகா சாசனத்திலேயே (மேக்னா கார்ட்டா) ஷெரிஃப்களைக் கட்டுப்படுத்தும் பிரிவுகள் இருக்கின்றன. அப்போதே அவர்கள் மேல் அவ்வளவு புகார்! அமெரிக்காவுக்குப் போனதும் மன்னர் இருந்த இடத்தில் வாக்காளர் வந்தார்.

யார் வேண்டுமானாலும் தேர்தலில் நிற்கலாமா?

நெடுங்காலம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. குடிமகனாக, அந்தக் கவுண்டியின் வாக்காளராக, பெரிய குற்றத்தில் தண்டனை பெறாதவராக இருந்தால் போதும் என்றே பல மாநிலங்கள் விட்டுவைத்திருந்தன. ஒருநாள்கூடப் போலீஸ் உடை போடாத பண்ணைக்காரரோ கடைக்காரரோ ஜெயித்துவிட்டு, பிறகு பயிற்சிக்குப் போன கதைகள் உண்டு. இப்போது பல மாநிலங்கள் போலீஸ் உரிமமும் சில ஆண்டு அனுபவமும் கேட்கின்றன. பட்டப்படிப்பை அநேகமாக எங்கும் கேட்பதில்லை.

பதவிக்காலம் பெரும்பாலும் 4 ஆண்டுகள். நியூ ஹாம்ப்ஷயரில் 2, நியூ ஜெர்சியில் 3, மாசசூசெட்ஸில் 6. இந்தியானா, மேற்கு வர்ஜீனியா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது. டெக்சஸில் அந்த வரம்பு இல்லை. ஜெயித்துக்கொண்டே இருந்தால் இருபது, முப்பது வருஷம்கூட ஓட்டலாம்.

டெக்சஸ் கிராமங்களில் உண்மையான தேர்தல் நவம்பரில் நடப்பதில்லை. கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மார்ச்சில் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில்தான் நடக்கிறது. ஒரே கட்சியின் கையில் இருக்கும் கவுண்டி என்றால், மார்ச்சில் ஜெயித்தவர் நவம்பரில் எதிர்ப்பே இல்லாமல் வந்துவிடுவார். ஜெயித்த பிறகு பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, உறுதிமொழி எடுத்து, ஜனவரி 1 அன்று பொறுப்பேற்க வேண்டும்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் ஒருவர் எங்கே தொடங்குவார்?

ஜெயிலில். கைதியாக அல்ல, காவலராக!

டெக்சஸில் ஜெயிலர் வேலைக்கு 18 வயது போதும். பள்ளி முடித்த உள்ளூர்ப் பையனோ பெண்ணோ ஷெரிஃப் அலுவலகத்துக்குள் நுழைகிற வாசல் அதுதான். சம்பளம் குறைவு, இரவுப் பணி, வாசனையும் நன்றாக இருக்காது. ஆனால் ஊரில் யார் யாரோடு சண்டை, யார் குடித்தால் கத்துவார், யார் குடித்தால் அழுவார் என்பதெல்லாம் அங்கே இரண்டு வருஷம் இருந்தால் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பயிற்சிப் பள்ளி, உரிமத் தேர்வு. அப்புறம் ரோந்து டெபுட்டி, அதாவது ஷெரிஃபின் கீழ் வேலை பார்க்கும் போலீஸ்காரர். சில வருஷம் கழித்து சார்ஜென்ட் அல்லது புலனாய்வாளர். நன்றாகப் பேர் எடுத்தால் ஷெரிஃபுக்கு அடுத்த இடமான தலைமை டெபுட்டி.

அங்கிருந்து மேலே போக ஒரே வழி ஓட்டு. ஷெரிஃப் ஓய்வு பெறும்வரை காத்திருக்கலாம். இல்லை, அவரை எதிர்த்து நிற்கலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் தன் வேலையை இழக்கத் தயாராக இருக்க வேண்டும்.

ராணுவத்திலிருந்தோ மாநிலப் போலீஸிலிருந்தோ ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பி, நேராக நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அனுபவம் இருக்கும், ஆனால் ஊருக்கு அவர்களை மறந்துபோயிருக்கும். என்னைக் கேட்டால், கிராமத்து வாக்காளர் தகுதிப் பட்டியலைவிட இவன் யார் மகன் என்பதைத்தான் முதலில் கேட்கிறார்.

ஜெயில், ஜெயில் என்கிறீர்களே. அது அவ்வளவு பெரிய விஷயமா?

ஒரு ஷெரிஃபுக்குப் பதவி போனால் காரணம் பெரும்பாலும் கொள்ளைக்காரன் இல்லை, ஜெயில்தான்.

கவுண்டி ஜெயில் என்பது தண்டனை பெற்றவர்கள் வருஷக்கணக்கில் இருக்கும் மாநிலச் சிறை அல்ல. நேற்று ராத்திரி பிடிபட்டவர், ஜாமீனுக்குப் பணமில்லாதவர், வழக்குக்குக் காத்திருப்பவர், சில மாதத் தண்டனைக்காரர், மனநோயால் தெருவில் கத்திக்கொண்டிருந்தவர் எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். பிடித்தது யாராக இருந்தாலும் சரி, உள்ளே வந்த நிமிஷத்திலிருந்து அவர் உயிருக்கு ஷெரிஃப்தான் பொறுப்பு.

2015 ஜூலையில் டெக்சஸின் வாலர் கவுண்டியில் நடந்தது இதற்கு உதாரணம். சான்ட்ரா பிளாண்ட் என்ற பெண்ணைச் சாலையில் நிறுத்திக் கைது செய்தவர் மாநிலப் போலீஸ்காரர், ஷெரிஃபின் ஆள் அல்ல. மூன்று நாள் கழித்து அந்தப் பெண் கவுண்டி ஜெயிலில் தூக்கில் தொங்கிய நிலையில் இறந்து கிடந்தார். நாடே கொந்தளித்தது. கைது செய்தவர் மேல் கேள்வி எழுந்த அளவுக்கு, உள்ளே யார் எப்போது எட்டிப் பார்த்தார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. 2017இல் சான்ட்ரா பிளாண்ட் பெயரிலேயே சட்டம் வந்தது. ஜெயில் மரணத்தை வெளி அமைப்பு விசாரிக்க வேண்டும், மனநலப் பிரச்சினை உள்ளவரைச் சிகிச்சைக்கு அனுப்ப வழி பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

டெக்சஸில் ஜெயில்களுக்கு விதி வகுக்க 1975இலிருந்தே ஒரு மாநில ஆணையம் இருக்கிறது. 48 கைதிக்கு ஒரு காவலர் இருக்க வேண்டும். ஒவ்வொரு கைதியையும் குறைந்தது 60 நிமிஷத்துக்கு ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணம் உள்ளவர், மனநிலை சரியில்லாதவர் என்றால் 30 நிமிஷம். படிக்கும்போது எளிதாகத் தெரியும். சின்ன கவுண்டியில் இரவு 2 மணிக்கு எப்படி இருக்கும் என்று பாருங்கள். மேசையில் கேமராத் திரைகள், பக்கத்தில் ஆணையத்தின் பதிவேடு, அதற்குப் பக்கத்தில் 911 அவசர அழைப்புப் போன். பல ஊர்களில் ஜெயிலரும் போன் எடுப்பவரும் ஒரே ஆள். சுற்றிப் பார்க்க எழுந்திருக்கும் நேரத்தில் போன் அடிக்கிறது. மறுமுனையில் ஒரு கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறுகிறார். ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லி முடிக்கும்போது 60 நிமிஷம் தாண்டிவிட்டது. இப்போது பதிவேட்டில் என்ன எழுதுவது? பார்த்ததாக எழுதினால் பொய். எழுதாவிட்டால் விதிமீறல். பொய்யாக எழுதிய ஜெயிலர்கள் குற்ற வழக்கில் நின்றிருக்கிறார்கள். ஆள் போடக் காசு கேட்டு, கவுண்டியின் பணத்தை ஒதுக்கும் கவுண்டி கமிஷனர்களிடம் ஷெரிஃப் நடப்பதெல்லாம் இதற்காகத்தான்.

மருத்துவச் செலவு இன்னொரு தலைவலி. ஒரு கைதிக்கு இதய அறுவை சிகிச்சை என்றால் சின்ன கவுண்டியின் வரவுசெலவே ஆட்டம் காணும். மறுபக்கம், ஜெயிலில் காலியாக இருக்கும் படுக்கைகளைப் பக்கத்துக் கவுண்டிக்கும் மத்திய அரசுக்கும் நாள் வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கும் கவுண்டிகளும் இருக்கின்றன.

கைதிகள் சாப்பாட்டில் ஷெரிஃப் காசு பார்த்தார் என்று ஒரு செய்தி வந்ததே, உண்மையா?

உண்மை. அதுவும் நெடுங்காலம் சட்டப்படியே நடந்தது. அலபாமாவில் கைதிக்கு ஒரு நாளைக்கு 1.75 டாலர் என்று மாநிலம் ஷெரிஃபிடம் கொடுத்துவந்தது. சாப்பாடு போட்டு மிச்சமானால் அது அவருக்கே என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. மார்கன் கவுண்டியில் ஒரு ஷெரிஃப் மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 2,12,000 டாலர் மிச்சம் பிடித்தார். குச்சியில் குத்திச் சோளமாவில் பொரித்த சாசேஜ் ஒரு லாரி நிறைய மலிவாகக் கிடைத்தது என்று வாரக்கணக்கில் அதையே போட்டார்கள். இளைத்துப்போன கைதிகளை நேரில் பார்த்த மத்திய நீதிபதி, 2009இல் ஷெரிஃபையே ஓர் இரவு உள்ளே வைத்தார்.

கதை அதோடு முடியவில்லை. 2018இல் எட்டோவா கவுண்டி ஷெரிஃப் இதே வழியில் ஏழு லட்சம் டாலருக்கு மேல் எடுத்திருந்ததும், கடற்கரையில் வீடு வாங்கியிருந்ததும் வெளியே வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். அடுத்த ஆண்டு சட்டத்தை மாற்றினார்கள்.

பழைய காலத்தில் ஷெரிஃபுக்கு மாதச் சம்பளமே கிடையாது. கொடுத்த சம்மனுக்கு இவ்வளவு, பிடித்த ஆளுக்கு இவ்வளவு, வசூலித்த வரியில் இவ்வளவு என்று கட்டணத்தில்தான் பிழைப்பு. அலபாமாச் சாப்பாட்டுச் சட்டம் அந்தக் காலத்தின் மிச்சம். வேலையிலிருந்து லாபம் எடுக்கலாம் என்று விட்டால் சாப்பாட்டுத் தட்டில்தான் முதலில் கை வைப்பார்கள்.

ஜெயிலை விட்டால் ஒரு நாள் எப்படிப் போகும்?

வண்டியில் போகும். டெக்சஸின் லவிங் கவுண்டியில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 64 பேர்தான் இருந்தார்கள். பரப்போ 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேல். எண்ணெய்க் கிணறுகளுக்கு வந்துபோகும் லாரிகளைச் சேர்த்தால்தான் அங்கே கூட்டம். இந்த மாதிரி இடத்தில் ஒரு டெபுட்டி குடும்பச் சண்டைக்குப் போனால், துணைக்கு ஆள் வர முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். இடையில் ரேடியோ எடுக்காத பள்ளங்கள் வேறு.

அதனால் கிராமத்து டெபுட்டிகள் நிறையப் பேசுவார்கள். அடிதடிக்கு இறங்கினால் தனியாக இறங்க வேண்டும் என்று தெரியும். வாசலில் நின்று மழை பெய்ததா, தீவனம் என்ன விலை என்று பத்து நிமிஷம் பேசிவிட்டுத்தான் வந்த விஷயத்துக்கு வருவார்கள். அந்த நிதானத்தைச் சோம்பல் என்று நினைத்தால் தப்பு.

அப்புறம் மாடு. டெக்சஸ் சட்டப்படி சொந்தக்காரர் தெரியாமல் திரியும் கால்நடைக்கு ஷெரிஃப்தான் பொறுப்பு. தன் நிலத்தில் யாருடைய மாடோ நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், ஷெரிஃப் ஆள் அனுப்பிச் சூட்டுக்குறியையும் காதுவெட்டையும் பார்க்கச் சொல்வார். சூட்டுக்குறிகள் கவுண்டி கிளார்க்கின் ஏட்டில் பதிவாகியிருக்கும். ஏட்டைப் புரட்டிச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தால், பராமரிப்புச் செலவைக் கட்டிவிட்டு ஓட்டிப் போகலாம். கண்டுபிடிக்காவிட்டால் அறிவிப்புப் போட்டு ஏலம். மாடு ரோட்டில் நின்று இரவில் வண்டி மோதினால் அது மரணத்தில் முடியும், அதனால் இதை யாரும் சிரிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஏலம் என்றதும் இன்னொன்று. நீதிமன்றத் தீர்ப்புக்காகவும் வரி பாக்கிக்காகவும் சொத்தை ஏலம் விடுவதும் ஷெரிஃப் வேலை. டெக்சஸில் அது மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள், கவுண்டி நீதிமன்றத்தில் நடக்கும். போன வருஷம் தனக்கு ஓட்டுப் போட்டவரின் நிலத்தை அவர் கண் முன்னாலேயே ஏலம் கூற வேண்டிய நிலை வரும். சம்மன் கொடுப்பது, நீதிமன்றப் பாதுகாப்பு, மனநோயாளியைப் பல மணி நேரம் ஓட்டி மாநில மருத்துவமனையில் சேர்ப்பது, விபத்தில் இறந்தவரின் வீட்டுக்குப் போய்ச் சொல்வது எல்லாம் இதே கணக்கில் வரும். கடைசியாகச் சொன்னதை நல்ல ஷெரிஃப்கள் டெபுட்டியிடம் தள்ளாமல் தாங்களே செய்வார்கள்.

வேறு மாநிலங்களில் வேறு சுமைகள். கென்டக்கியில் சொத்துவரி வசூலிப்பவர் ஷெரிஃப். மேற்கு வர்ஜீனியாவில் அவரே கவுண்டிப் பொருளாளர். கலிஃபோர்னியாவின் பல கவுண்டிகளில் மரண விசாரணை அதிகாரியும் அவர்தான். கொலராடோவில் மலையில் வழிதவறியவரைத் தேடுவதும் காட்டுத் தீக்குப் பொறுப்பேற்பதும் அவர் தலையில்.

சம்பளம் எவ்வளவு?

கவுண்டி கமிஷனர்கள் எவ்வளவு ஒதுக்குகிறார்களோ அவ்வளவு. அதனால்தான் டெக்சஸின் ஏழைக் கவுண்டிகளில் டெபுட்டிகள் தங்குவதே இல்லை. பயிற்சி முடித்து, ஒரு வருஷம் ஓட்டிவிட்டுப் பக்கத்து நகரப் போலீஸுக்குப் போய்விடுவார்கள். இதைத் தடுக்க 2023இல் மாநிலம் ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தது. 3 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள கவுண்டிகள் அதைப் பெறலாம். வாங்கினால் ஆண்டுக்குக் குறைந்தது ஷெரிஃபுக்கு 75,000 டாலர், டெபுட்டிக்கு 45,000, ஜெயிலருக்கு 40,000 கொடுக்க வேண்டும். இந்தத் தொகையைக் குறைந்தபட்சமாக வைக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், அதற்கு முன்னால் என்ன கொடுத்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஷெரிஃப் மாறினால் டெபுட்டிகள் வேலை என்ன ஆகும்?

டெக்சஸ் போன்ற மாநிலங்களில் டெபுட்டி என்பவர் ஷெரிஃப் விரும்பும்வரை வேலையில் இருப்பவர். புது ஷெரிஃப் வந்து எத்தனை பேரை வைத்துக்கொள்வார் என்பது அவர் மனசு. தேர்தல் வருஷத்தில் ஷெரிஃப் அலுவலகத்தில் யாரும் யாரோடும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

இதில் சட்டச் சண்டைகளும் நடந்திருக்கின்றன. கொள்கை வகுக்காத ஊழியரைக் கட்சிக்காக நீக்கக் கூடாது என்று 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கே சிகாகோ இருக்கும் குக் கவுண்டி ஷெரிஃபின் மேல்தான். ஆனால் டெபுட்டி என்பவர் ஷெரிஃபின் கையாள், அவருக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று சில மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பிறகு தீர்ப்பளித்தன. வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் எதிர் வேட்பாளரின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு லைக் போட்டவர் உட்படச் சிலர் வேலை இழந்தார்கள். லைக் போடுவதும் பேச்சுரிமைதான் என்று 2013இல் தீர்ப்பு வந்தது.

ஷெரிஃபுக்கு மேலதிகாரி யார்? தப்புச் செய்தால் யார் பிடிப்பது?

அன்றாட வேலையில் மேலதிகாரி என்று யாரும் இல்லை. கமிஷனர்கள் பணத்தை இறுக்கலாம், ஆனால் யாரைப் பிடி, யாரை விடு என்று சொல்ல முடியாது. ஃபுளோரிடாவில் ஆளுநர் இடைநீக்கம் செய்யலாம். டெக்சஸில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, ஜூரி முன்னால் நிரூபித்துத்தான் நீக்க முடியும். இந்தியானாவில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு இருக்கிறது: ஷெரிஃபைக் கைது செய்யும் அதிகாரத்தைச் சட்டம் மரண விசாரணை அதிகாரியிடம் கொடுத்திருக்கிறது.

இந்தத் தனி அதிகாரம் சிலரை வாஷிங்டனையே எதிர்க்கவும் வைத்தது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர்க் காவல் தலைவர் சரிபார்க்க வேண்டும் என்று 1993இல் மத்திய சட்டம் வந்தது. மொன்டானாவின் ரவாலி கவுண்டி ஷெரிஃப் ஜே பிரின்ட்ஸும், அரிசோனாவின் கிரஹாம் கவுண்டி ஷெரிஃப் ரிச்சர்ட் மேக்கும் வழக்குப் போட்டார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. உள்ளூர் அதிகாரியை மத்திய அரசு தன் வேலைக்கு ஏவ முடியாது என்பதுதான் தீர்ப்பு. அதை ஷெரிஃபுக்கு மேல் யாருமே இல்லை என்ற அளவுக்கு இழுப்பவர்களும் வந்தார்கள். மேக் பின்னாளில் அப்படி ஓர் இயக்கமே தொடங்கினார். தீர்ப்பில் அப்படி எதுவும் இல்லை.

குடும்பத்துக்கு என்ன கஷ்டம்? பெண்கள் ஷெரிஃப் ஆகியிருக்கிறார்களா?

பல கவுண்டிகளில் ஜெயிலும் ஷெரிஃப் வீடும் ஒரே கட்டடமாக இருந்தன. குழந்தைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். கைதிகளுக்குச் சமைத்தது ஷெரிஃபின் மனைவி, பெண் கைதிகளைப் பார்த்துக்கொண்டதும் அவரே. கணவர் ரோந்தில் இருக்கும்போது வீட்டுப் போனை எடுத்து ஊர்ப் பிரச்சினையைக் கேட்டுக்கொண்டதும் அவர். இதற்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஓட்டு ஒருவருக்கு, வேலை இருவருக்கு!

கணவர் இறந்தால் மனைவியையே அந்தப் பதவியில் அமர்த்தும் வழக்கம் இதிலிருந்து வந்தது. இந்தியானாவின் லேக் கவுண்டியில் ஷெரிஃபாக இருந்த கணவர் 1933இல் சுட்டுக் கொல்லப்பட்டதும் லில்லியன் ஹோலி பொறுப்பேற்றார். 1934 மார்ச்சில் அவருடைய கிரவுன் பாயின்ட் ஜெயிலிலிருந்து வங்கிக் கொள்ளையன் ஜான் டிலிஞ்சர் தப்பினான், அதுவும் ஷெரிஃப் ஹோலியின் சொந்த ஃபோர்டு காரிலேயே. திருட்டுக் காரில் மாநில எல்லையைத் தாண்டியதால் அது மத்தியக் குற்றமாகி, எஃப்.பி.ஐ. அவனைத் துரத்த வழி பிறந்தது. பத்திரிகைகள் ஹோலியைக் கேலி செய்து தீர்த்தன. ஆண் ஷெரிஃப்களின் ஜெயிலிலிருந்தும் ஆட்கள் தப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். டெக்சஸில் ஓட்டு வாங்கி ஜெயித்த முதல் பெண் ஷெரிஃப் வந்தது 1940களில், மேலே சொன்ன லவிங் கவுண்டியில்தான். அவர் பெயர் எட்னா ரீட்.

இன்றைய குடும்பங்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். மளிகைக் கடையில், தேவாலயத்தில், மகனின் கால்பந்து ஆட்டத்தில் என்று எங்கே போனாலும் ஒருவர் வந்து என் தம்பி கேஸ் என்ன ஆச்சு என்று கேட்பார். போன வாரம் உள்ளே போட்டவரின் அம்மாதான் மகளின் டீச்சராக இருப்பார்.

தெற்கு மாநிலங்களில் ஷெரிஃப் என்றாலே கறுப்பின மக்கள் பயந்தார்களாமே?

பயப்படக் காரணம் இருந்தது. 1964 ஜூன் 21 அன்று மிசிசிப்பியின் நெஷோபா கவுண்டியில் செய்னி, குட்மேன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளம் சிவில் உரிமை ஊழியர்களை டெபுட்டி செசில் பிரைஸ் போக்குவரத்துக் குற்றம் என்று சொல்லிப் பிடித்து, கவுண்டி ஜெயிலில் வைத்தார். ஆட்கள் சேரும்வரை வைத்திருந்து, இரவில் விடுவித்து, பின்தொடர்ந்து மறுபடி பிடித்துக் கொலைகாரர்களிடம் ஒப்படைத்தார். உடல்கள் ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்குள் கிடைத்தன. 1967இல் மத்திய நீதிமன்றத்தில் பிரைஸுக்குத் தண்டனை கிடைத்தது. ஷெரிஃப் லாரன்ஸ் ரெய்னி விடுதலையானார். ஜெயில் சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் அந்த ஊர்களில் உயிரா சாவா என்பதைத் தீர்மானித்தது.

1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்ததும் கறுப்பின மக்கள் முதலில் குறிவைத்த பதவிகளில் ஷெரிஃபும் ஒன்று. அலபாமாவின் மேகன் கவுண்டியில் அவர்கள்தான் பெரும்பான்மை, ஆனால் அதுவரை பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலில் சேரவிடவில்லை. 1966இல் அங்கே லூசியஸ் ஆமர்சன் நின்றார். கொரியப் போரில் இருந்தவர், தபால் துறையில் வேலை பார்த்தவர். பதவியிலிருந்த வெள்ளையின ஷெரிஃபைக் கட்சித் தேர்தலிலேயே தோற்கடித்து, 1967 ஜனவரியில் பொறுப்பேற்றார். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்துக்குப் பிறகு தெற்கில் ஷெரிஃபான முதல் கறுப்பினத்தவர் அவர். 20 ஆண்டுகள் இருந்தார்.

படங்களில் வரும் வீர ஷெரிஃப்கள் நிஜத்தில் இருந்தார்களா?

டென்னசியின் மெக்நேரி கவுண்டி ஷெரிஃப் பூஃபர்ட் புஸ்ஸரைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மல்யுத்தக்காரராக இருந்து 1964இல் ஷெரிஃப் ஆனவர். 1967 ஆகஸ்டில் பதுங்கித் தாக்கியவர்கள் தன் மனைவி பாலினைக் கொன்றுவிட்டதாகச் சொன்னார். அவரும் காயம்பட்டிருந்தார். அதிலிருந்து படங்களும் புகழும் வந்தன. 1974இல் கார் விபத்தில் இறந்தார். பல பத்தாண்டு கழித்து மாநிலப் புலனாய்வுத் துறை கோப்பை மறுபடி திறந்தது, பாலினின் உடலைத் தோண்டி ஆராய்ந்தது. புஸ்ஸர் இன்று உயிரோடு இருந்தால் மனைவியின் கொலைக்காக அவர் மேலேயே குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் இருக்கிறது என்று 2025 ஆகஸ்டில் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். ஆள் இல்லை, எனவே விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அன்று அந்தக் கவுண்டியில் ஷெரிஃப் சொன்னதைச் சந்தேகிக்க யார் இருந்தார்கள்?

பழைய கதை வேண்டுமென்றால் பேட் காரெட். 1880இல் நியூ மெக்சிகோவின் லிங்கன் கவுண்டியில் ஜெயித்தவர். பில்லி த கிட் என்ற கொலைகாரன் 1881 ஏப்ரலில் இரண்டு காவலர்களைச் சுட்டுவிட்டுத் தப்பியபோது காரெட் எங்கே இருந்தார் தெரியுமா? வரி வசூலிக்க வெளியூர் போயிருந்தார். ஜூலை 14 அன்று ஃபோர்ட் சம்னரில் அவனைச் சுட்டுக் கொன்று உலகப் புகழ் பெற்றார். அடுத்த தேர்தலுக்குப் பிறகு அங்கே அவர் ஷெரிஃபாகத் தொடரவில்லை.

பதவி முடிந்த பிறகு என்ன செய்வார்கள்?

காரெட்டை 1901இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் எல் பாசோவில் சுங்க வசூல் அதிகாரியாக்கினார். அந்தப் பதவியும் நீடிக்கவில்லை. 1908இல் குத்தகை நிலத் தகராறு ஒன்றுக்கு நடுவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நியூயார்க்கின் ஈரி கவுண்டியில் 1871 முதல் 1873 வரை ஷெரிஃபாக இருந்த குரோவர் கிளீவ்லேண்ட், இரண்டு மரண தண்டனைகளைத் தன் கையாலேயே நிறைவேற்றியவர். 1885இல் அமெரிக்க அதிபரானார்.

இன்றைய கிராமத்து ஷெரிஃபுக்கு இவ்வளவு நாடகம் இல்லை. தோற்றவர் டிசம்பர் 31 வரை ஷெரிஃப். சிலர் கவுண்டி கமிஷனர் தேர்தலில் நிற்பார்கள், சிலர் பள்ளிப் பாதுகாப்புக்குப் போவார்கள், சிலர் பக்கத்துக் கவுண்டியில் டெபுட்டியாகச் சேர்ந்து மறுபடி இரவு ரோந்து ஓட்டுவார்கள். டெக்சஸில் கவுண்டி ஊழியர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தில் கவுண்டி சேர்ந்திருந்தால், பணி ஆண்டுகளைப் பொறுத்து மாதாமாதம் ஒரு தொகை வரும். அதோடு வீட்டில் நாலு மாடு இருந்தால் தேவலை.